மாற்று எஞ்ஜினும் கோளாறுக் குறிகளும்

டீசல் லாரிகளின் ஓட்டுநர் பலகையில் எஞ்ஜின் வடிவம் பொறித்த மஞ்சள் நிற விளக்கு ஒன்று இருப்பதைப் பலரும் கண்டிருப்பர். சாவியைத் திருப்பியதும் அது எரிந்து, எஞ்ஜின் ஓடத் தொடங்கியபின் அணைந்துவிட வேண்டும். அணையாது நின்றாலும், ஓட்டத்தின் நடுவே மீண்டும் எரிந்தாலும், எஞ்ஜினைக் கண்காணிக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஏதோ ஒரு குறையைக் கண்டு அதனைத் தன் நினைவில் ஓர் எண்ணாகப் பதித்து வைத்துள்ளது என்று கொள்ளலாம். அவ்வெண்ணே கோளாறுக் குறி எனப்படும். ஸ்கேனர் என்னும் கருவியை வண்டியில் இணைத்து அதனைப் படித்தறியலாம்.

தொழிற்சாலையிலிருந்து வந்தவாறே இருக்கும் வண்டியில் இவ்வெண்ணைப் படிப்பது அரிதன்று. ஒரு வண்டியிலிருந்து எடுத்த எஞ்ஜினை வேறொரு வண்டியில் பொருத்தியிருப்பின் நிலைமை வேறு. அத்தகைய லாரிகள் சிலவற்றில் மஞ்சள் விளக்கு அணைவதே இல்லை. எப்பொழுதும் எரியும் விளக்கை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஒருநாள் மெய்யாகவே ஆபத்து நேர்ந்து விளக்கு அதனை அறிவிக்க வேண்டி வரும்பொழுது, முன்பே எரிந்துகொண்டிருக்கும் விளக்குக்குப் புதிதாகக் கூற ஏதும் இருப்பதில்லை. இவ்வாறான லாரியில் கோளாறுக் குறிகளை எவ்வாறு பகுத்துப் படிப்பது என்பதை இங்குக் காண்போம்.

காட்கோபர் சாலையில்

மும்பையின் காட்கோபர் இவ்விஷயத்தை நேரில் அறிவதற்கு ஏற்ற இடம். அதன் மேற்கே பழைய ஆக்ரா சாலையாகிய லால் பகதூர் சாஸ்திரி மார்க்கமும், கிழக்கே கிழக்கு விரைவு நெடுஞ்சாலையும் செல்கின்றன. இவ்வழிகளில் வடக்கு நோக்கிச் செல்லும் லாரிகள் தாணாவைக் கடந்து, நாசிக் செல்வதாயின் கசாரா மலைப்பாதையில் ஏறவேண்டும். பூனாவுக்குச் செல்பவை போர் காட் மலைப்பாதையில் ஏறவேண்டும். நாமக்கல், சங்ககிரி முதலிய ஊர்களிலிருந்து சரக்கேற்றி வரும் வண்டிகளும் இம்மாநகருக்கு வந்து செல்கின்றன. தெற்கே அடுத்துள்ள குர்லாவிலோ, பிரித்தெடுத்த பழைய மோட்டார் உறுப்புகளை விற்கும் கடைகள் உள்ளன.

எஞ்ஜின் தேய்ந்து போனபின் அதனை முற்றிலும் புதுப்பிக்க ஆகும் செலவையும், விபத்துக்குள்ளான வேறொரு வண்டியின் நல்ல எஞ்ஜினை வாங்க ஆகும் செலவையும் சீர்தூக்கிப் பார்த்து, லாரி உரிமையாளர் இரண்டாவது வழியை நாடுதல் இயல்பே. ஒரே லாரியை நம்பிக் கடன் கட்டி வரும் குடும்பத்துக்கு, வண்டி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் நஷ்டமன்றோ?

எஞ்ஜின் மாற்றுவது நம் நாட்டுக்குப் புதிதுமன்று. இங்கிலாந்தின் பெர்க்கின்ஸ் கம்பெனி 1937-ம் ஆண்டில் வெளியிட்ட பி-6 என்னும் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்ஜின், பெட்ரோல் லாரிகளில் பழைய எஞ்ஜினை நீக்கிவிட்டு அவ்விடத்தில் பொருத்துவதற்குப் பெரிதும் பயன்பட்டது. 1950-களின் தொடக்கத்தில் சென்னை சிம்ப்ஸன் கம்பெனியார் இவ்வெஞ்ஜினை நம் நாட்டிலேயே உற்பத்தி செய்யத் தொடங்கினர். அக்காலத்தில் எஞ்ஜினைத் தாங்கும் அடிப்பிடிப்புகள், கியர் பெட்டியின் இணைப்பு, டீசல் குழாய்கள், குளிர்நீர்க் குழாய்கள், ஆக்ஸிலரேட்டர் கம்பி, சில மின்கம்பிகள் ஆகியன பொருந்திவிட்டால் வேலை முடிந்தது. எந்த வண்டியில் தான் அமர்ந்திருக்கிறது என்பதை அவ்வெஞ்ஜின் அறியாது. அறிய வேண்டிய தேவையும் அதற்கு இல்லை.

இன்றைய காமன் ரெயில் டீசல் எஞ்ஜின் அத்தகையதன்று. டென்ஸோ நிறுவனத்தின் காமன் ரெயில் அமைப்பு 1995-ம் ஆண்டில் ஜப்பானிய ஹினோ லாரிகளிலும், பாஷ் நிறுவனத்தின் அமைப்பு 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 காரிலும் விற்பனைக்கு வந்தன. இம்முறையில் டீசல் ஒரு பொதுக் குழாயில் மிகுந்த அழுத்தத்தில் தேக்கி வைக்கப்படுகிறது. எத்தனை டீசலை எந்தக் கணத்தில் சிலிண்டருள் பீச்சுவது என்பதைக் கட்டுப்பாட்டுப் பெட்டி முடிவு செய்கிறது. அம்முடிவுக்கு வேண்டிய செய்திகளை எஞ்ஜினிலிருந்து மட்டுமன்றி, பிரேக், கிளட்ச், வேகமானி முதலிய வண்டியின் பிற உறுப்புகளிலிருந்தும் அது எதிர்பார்க்கிறது. எனவே எஞ்ஜினை இடம் மாற்றும்பொழுது, முந்தைய வண்டியைப் பற்றிய நினைவோடு அதன் மூளையும் உடன் வந்து சேருகிறது.

குறியின் அமைப்பு

கோளாறுக் குறிகள் இரு வகையாக எழுதப்படுகின்றன. கார்களிலும் சிறிய சரக்கு வண்டிகளிலும் பெரும்பாலும் காணப்படுவது ஓர் எழுத்தும் அதனையடுத்து நான்கு இலக்கங்களும் கொண்ட முறை. அமெரிக்காவில் 1996-ம் ஆண்டு மாதிரிக் கார்கள் முதற்கொண்டு இது கட்டாயமாயிற்று. முதலெழுத்து, கோளாறு எப்பகுதியைச் சார்ந்தது என்பதைக் கூறும். எஞ்ஜினும் கியரும் சேர்ந்த பகுதி, வண்டியின் உடற்பகுதி, பிரேக் முதலிய அடிச்சட்டப் பகுதி, பெட்டிகளுக்கிடையிலான செய்தித் தொடர்பு என அவை நான்கு. அடுத்த இலக்கம் 0 ஆயின் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறி. 1 ஆயின் அந்தந்த நிறுவனம் தானே வகுத்துக்கொண்ட குறி.

ஆசிரியர்கள் இங்கு ஒன்றைக் கருத்தில் கொள்ளவேண்டும். எஞ்ஜின் பகுதிக்கும் உடற்பகுதிக்கும் உரிய ரோமன் எழுத்துகள் வெவ்வேறாயினும், தமிழில் இரண்டும் 'பி' என்றே எழுதப்படும். இக்கட்டுரையில் 'பி' என வருவன யாவும் எஞ்ஜின் பகுதியையே குறிக்கும். மாணவர் தம் ஏட்டில் குறியை எழுதும்பொழுது, ஸ்கேனரில் கண்ட எழுத்தை அவ்வாறே வரைதல் நலம்.

இரண்டாவது, கனரக வண்டிகளுக்கான ஜே-1939 முறை. இதில் குறி இரண்டு எண்களாக அமையும். எஸ்.பி.என். என்னும் முதல் எண் எப்பொருளைப் பற்றிய செய்தி என்பதையும், எஃப்.எம்.ஐ. என்னும் இரண்டாம் எண் அப்பொருளுக்கு நேர்ந்த குறை எத்தகையது என்பதையும் தெரிவிக்கும். 100 என்பது எஞ்ஜின் எண்ணெய் அழுத்தம். 110 என்பது குளிர்நீரின் வெப்பம். 157 என்பது பொதுக் குழாயின் டீசல் அழுத்தம். 190 என்பது எஞ்ஜினின் சுழற்சி வேகம். இரண்டாம் எண் 0 ஆயின் அளவு அபாயமான மட்டத்துக்கு மிகுந்துள்ளது. 1 ஆயின் அபாயமான மட்டத்துக்குக் குறைந்துள்ளது. 3 ஆயின் மின்னழுத்தம் இயல்புக்கு மேற்பட்டுள்ளது. 4 ஆயின் இயல்புக்குக் குறைந்துள்ளது. 5 என்பது மின்னோட்டம் குறைந்திருப்பதையோ கம்பி அறுந்திருப்பதையோ காட்டும். இவற்றுடன், அக்குறை எத்தனை முறை நேர்ந்தது என்னும் கணக்கும் உண்டு.

இவ்விரண்டாம் எண்ணைப் பலர் கவனியாது விடுகின்றனர். '100, 1' என்பது எண்ணெய் அழுத்தம் மெய்யாகவே விழுந்துவிட்டதைக் கூறுகிறது. வண்டியை உடனே நிறுத்தவேண்டும். '100, 3' என்பதோ பெரும்பாலும் அழுத்தத்தை அளக்கும் சென்சாரின் மின்சுற்றில் உள்ள குறையைக் கூறுகிறது. முதல் எண் ஒன்றே; பொருளோ முற்றிலும் வேறு.

மூன்று வகைக் குறிகள்

எடுத்துக்காட்டாக, காட்கோபர்ப் பட்டறை ஒன்றுக்கு ஒரு லாரி வருவதாகக் கொள்வோம். பழைய முறை டீசல் பம்பு கொண்டிருந்த அந்த லாரியில், வேறொரு வண்டியின் காமன் ரெயில் எஞ்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டியுடன் பொருத்தப்பட்டிருக்கிறது. ஸ்கேனரை இணைத்ததும் எட்டு அல்லது பத்துக் குறிகள் ஒருங்கே தோன்றுகின்றன. 'இத்தனை கோளாறுகளா!' என்று உரிமையாளர் திகைப்பார். உண்மையில் அவை அத்தனை கோளாறுகள் அல்ல. கட்டுப்பாட்டுப் பெட்டி, தான் முன்பிருந்த வண்டியையே இன்னும் மனத்திற்கொண்டு பேசுகிறது. ஆகவே 'எந்த உறுப்பு கெட்டது?' என்று கேட்குமுன், 'இக்குறி எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறது?' என்று கேட்டல் வேண்டும். அவ்வாறு கேட்டால் குறிகள் மூன்று வகையாகப் பிரியும்.

முதல் வகை, இல்லாத உறுப்பைத் தேடும் குறிகள். பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு தொடர்பு இல்லை எனக் கூறும் யூ-0121, ஓட்டுநர் பலகையோடு தொடர்பு இல்லை எனக் கூறும் யூ-0155 ஆகியன இவ்வகையின. பழைய லாரியில் அப்பெட்டிகளே இல்லையெனில் குறி தோன்றாமல் இருப்பதுதான் வியப்பு. கம்பியால் இயங்கும் பழைய வேகமானி உள்ள வண்டியில், வேகச் செய்தி வரவில்லை எனக் கூறும் பி-0500 தோன்றுவதும் இவ்வாறே.

இரண்டாவது வகை, பொருத்திய வேலையில் நேர்ந்த குறைகளைக் காட்டுபவை. கிளட்ச் சுவிட்சின் பி-0704, பிரேக் சுவிட்சின் இரு செய்திகள் ஒன்றோடொன்று முரண்படுவதைக் கூறும் பி-0504 ஆகியன, அச்சுவிட்சுகளை இணைக்காமல் விட்டதாலோ தவறாக இணைத்ததாலோ பெரும்பாலும் எழுகின்றன. சுழல்தண்டின் நிலையைக் கூறும் சென்சாரைச் சார்ந்த பி-0335 குறியும் இங்குக் கருதத்தக்கது. பல எஞ்ஜின்களில் இச்சென்சார், 60 பற்கள் இருக்கவேண்டிய வட்டத்தில் இரண்டைக் குறைத்து 58 பற்களாக வெட்டிய சக்கரத்தையோ, ஃப்ளைவீலில் அவ்வாறு இட்ட துளைகளையோ பார்த்தே கணக்கிடுகிறது. பழைய கியர் பெட்டிக்குப் பொருந்த வேண்டுமெனப் பழைய ஃப்ளைவீலை மாட்டிவிட்டால், சென்சார் பார்ப்பதற்கு அங்கு ஒன்றும் இராது, எஞ்ஜினும் கிளம்பாது. அந்நிலையில் புதிய சென்சார் எத்தனை வாங்கினாலும் பயனில்லை.

மூன்றாவது வகையே மெய்யான கோளாறு. முதலிரண்டு வகைகளையும் ஒதுக்கிய பின்னரே இது தெளிவாகப் புலப்படும்.

படிக்கும் முறை

ஸ்கேனரை இணைக்குமுன் வண்டியின் மின்னழுத்தம் 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்பதை மீட்டர் கொண்டு அறிதல் வேண்டும். எஞ்ஜின் ஒரு மின்னழுத்தத்துக்கும் வண்டி வேறொன்றுக்கும் உரியனவாக இருத்தல் கூடும். 24 வோல்ட் ஏற்காத கருவியை அவ்வண்டியில் இணைத்தால் கருவி பழுதாகும்.

அடுத்து, எல்லாக் குறிகளையும் அவை தோன்றிய வரிசையில் தாளில் எழுதிக்கொள்க. இப்பொழுது உள்ளவை, முன்பு இருந்து மறைந்தவை என இரண்டாகப் பிரித்து எழுதுக. குறி பதிவான கணத்தில் எஞ்ஜினின் வேகம், வெப்பம், சுமை எவ்வளவு என்பதையும் பெட்டி சேமித்து வைத்திருக்கும், அதனையும் குறித்துக்கொள்க. குறிகளை அழித்தால் இப்பதிவும் அழிந்துவிடும். எழுதுமுன் அழித்தல், சாட்சியைக் கேளாமலே அனுப்பிவிடுவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவதாக, பல குறிகளுக்கு ஒரே காரணம் உண்டா எனப் பார்க்க. சென்சார்கள் பலவற்றுக்கும் 5 வோல்ட் மின்சாரம் பொதுக் கம்பி வழியே செல்கிறது. கம்பித் தொகுதியை நீட்டி ஒட்டுப்போட்ட இடத்தில் அக்கம்பி உரசிச் சட்டத்தைத் தொட்டால், அதைச் சார்ந்த சென்சார்கள் அனைத்தும் ஒருங்கே குறை கூறும். கூடவே பி-0642 தோன்றினால் முதலில் அப்பொதுக் கம்பியைத்தான் தேடவேண்டும். மின்கலம் தளர்ந்திருந்தாலும், எஞ்ஜினுக்கும் சட்டத்துக்கும் இடையிலான எர்த் கம்பி சரியாக முடுக்கப்படாதிருந்தாலும் இவ்வாறே குறிகள் பெருகும்.

நான்காவதாக, பெட்டிகளுக்கிடையே செய்தி செல்லும் இரட்டைக் கம்பியைச் சோதிக்க. பாஷ் நிறுவனம் 1986-ம் ஆண்டில் டெட்ராய்ட் நகரில் வெளியிட்ட 'கேன்' என்னும் முறையில், இக்கம்பியின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கவேண்டும். மின்கலத்தைக் கழற்றிவிட்டு இரு கம்பிகளுக்கும் இடையே அளந்தால் ஏறத்தாழ 60 ஓம் காட்டும். 120 காட்டினால் ஒரு தடை இல்லை என்று பொருள். அது பழைய வண்டியிலேயே தங்கிப் போயிருக்கலாம். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் கம்பிகள் ஒன்றையொன்று தொடுகின்றன. பதினாறு முனை இணைப்பியில் 6, 14 ஆகிய முனைகளிலும், கனரக வண்டிகளின் ஒன்பது முனை இணைப்பியில் சி, டி ஆகிய முனைகளிலும் இதனை அளக்கலாம். சில வண்டிகளில் இணைப்பிக்கும் கம்பிக்கும் இடையே வேறொரு பெட்டி இருக்கும். அங்கு எஞ்ஜின் பெட்டியின் அருகிலேயே அளக்கவேண்டும்.

ஒரு குறியின் கதை

மூன்றாவது வகைக்கு ஒரு சான்று கூறுவோம். பொதுக் குழாயில் டீசல் அழுத்தம் போதவில்லை எனக் கூறுவது பி-0087. எஞ்ஜின் மெதுவாக ஓடும்பொழுதே இக்குழாயில் சில நூறு பார் அழுத்தம் இருக்கும். முழுச் சுமையில் அது 1,600 பாரையும் கடப்பதுண்டு. எனவே இக்குறியைக் கண்டதும் உயரழுத்தப் பம்பு கெட்டது என முடிவு செய்து, பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வேறு பம்பு வாங்குவோர் உளர்.

குறியோ பம்பைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. அழுத்தம் போதவில்லை என்று மட்டுமே கூறுகிறது. மாற்று எஞ்ஜின் பொருத்திய லாரியில் டீசல் தொட்டியும், அங்கிருந்து வரும் குழாயும் பெரும்பாலும் பழைய வண்டிக்கு உரியவையே. காமன் ரெயில் பம்பு தனக்கு வேண்டியதைவிட அதிக டீசலை இழுத்து, மிகுதியைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும். பழைய குழாயின் குறுகிய துளையும் அடைபட்ட வடிகட்டியும் இதற்கு ஈடுகொடா. இறுகிப்போன ரப்பர்க் குழாயின் மூட்டில் நுண்ணிய இடைவெளி இருப்பின் டீசல் வெளியே கசியாது. காற்று உள்ளே புகும். ஆதலால் கண்ணுக்குக் குறை தெரியாது. பம்புக்கு முன்னர் சிறிதளவு ஒளிபுகும் குழாயைப் பொருத்தி, டீசலில் குமிழிகள் வருகின்றனவா எனப் பார்த்தால் உண்மை விளங்கும். குமிழி வருமாயின், சில ரூபாய் பெறும் ஒரு கிளிப்பே பம்பின் விலையை மிச்சப்படுத்திவிடும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. பம்புக்குப் பின்னுள்ள உயரழுத்தக் குழாயில் கசிவு உண்டா என்பதை எஞ்ஜின் ஓடும்பொழுது கையால் தடவிப் பார்த்தல் கூடவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத டீசல் தாரை தோலைத் துளைத்து உட்புகும். காயம் ஊசி முனையளவே தோன்றினும், உள்ளே தசை அழுகிக் கையையே இழக்க நேரிடலாம். அவ்வாறு பட்டவரைத் தாமதமின்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க; டீசல் உயரழுத்தத்தில் உட்புகுந்தது என்பதை மருத்துவரிடம் தவறாது கூறுக.

விளக்கை அணைப்பதா, காரணத்தைத் தீர்ப்பதா?

என்றும் எரியும் விளக்கின் தொல்லை தாங்காது, சிலர் அதன் பல்பைக் கழற்றிவிடுகின்றனர். வேறு சிலர் பெட்டியின் நிரலைத் திருத்தி, புகையைக் குறைக்கும் உறுப்புகளைப் பற்றிய குறிகள் தோன்றாதவாறு செய்து, அவ்வுறுப்புகளையும் அகற்றிவிடுகின்றனர். இரண்டும் தீங்கானவை.

கனரக வண்டியின் பெட்டி, 'உடனே நிறுத்துக' எனக் கூறும் சிவப்பு விளக்கு, 'கவனிக்க' எனக் கூறும் மஞ்சள் விளக்கு முதலியவற்றைத் தனித்தனியே இயக்க வல்லது. பழைய ஓட்டுநர் பலகையில் அவற்றுக்கு இடமில்லை என எல்லாவற்றையும் ஒரே பல்பில் இணைத்துவிட்டாலோ, இணைக்காமலே விட்டாலோ, நள்ளிரவில் கசாரா மலைப்பாதையில் சரக்கோடு ஏறும் லாரியில் எண்ணெய் அழுத்தம் விழுவதை ஓட்டுநர் எவ்வாறு அறிவார்? ஆகவே சிவப்பு விளக்கைத் தனியே இணைத்தல் முதற் கடமை. இயன்றால் எண்ணெய் அழுத்தத்துக்கும் நீரின் வெப்பத்துக்கும் தனி மானிகளையும் பொருத்தலாம்.

முதல் வகைக் குறிகளைத் தீர்க்கும் நேர்வழி, புதிய வண்டியில் எவ்வுறுப்புகள் உள்ளன, எவை இல்லை என்பதை அறியுமாறு, உரிய நிறுவனத்தின் கருவியால் பெட்டியின் அமைப்பைத் திருத்துவதே. புகைக் கட்டுப்பாட்டு உறுப்புகளோ எஞ்ஜினோடு கூடவே வந்து பொருத்தப்பட வேண்டியவை. நம் நாட்டில் 2017 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 4 விதிகளும், 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 விதிகளும் புதிய வண்டிகளுக்கு நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. அவ்வுறுப்புகளை அகற்றுவதால் வரும் புகையைச் சாலையோரத்தில் வாழ்வோரே சுவாசிக்க வேண்டியிருக்கிறது. மேலும், எஞ்ஜின் மாற்றம் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவுக்கு உட்பட்டது. அதனைப் பதிவு அதிகாரியிடம் தெரிவித்துப் பதிவுச் சான்றில் குறித்தல் வேண்டும்.

வகுப்பில் செய்து காட்ட

தொழிற்பயிற்சி ஆசிரியர்கள் இப்பாடத்தை எளிய சோதனையால் விளக்கலாம். 5 வோல்ட் மின்சாரத்தை ஏறத்தாழ 2,000 ஓம் தடை ஒன்றின் வழியே, வெப்பம் ஏற ஏறத் தடை குறையும் நீர் வெப்பச் சென்சாருக்குச் செலுத்துக. சென்சாரின் இரு முனைகளுக்கும் இடையே மீட்டரை இணைத்து, அதனைக் குளிர்ந்த நீரிலும் சுடுநீரிலும் மாறி மாறி வைத்தால் மின்னழுத்தம் ஏறி இறங்குவதை மாணவர் காண்பர். பின்னர் ஒரு கம்பியைப் பிடுங்கினால் மீட்டர் 5 வோல்ட்டை ஒட்டி நிற்கும். இரு கம்பிகளையும் ஒன்றாகத் தொட்டால் பூஜ்யத்துக்கு இறங்கும். வண்டியில் முதல் நிலை பி-0118 என்றும், இரண்டாம் நிலை பி-0117 என்றும் பதிவாகும். இந்த இரட்டைக் கம்பிச் சென்சாரில் இவ்வாறு செய்யும்பொழுது குறியும் அதற்கேற்ப மாறுமாயின், கம்பிகளும் பெட்டியும் நலமாக உள்ளன. சென்சாரே கெட்டது என மாணவர் தாமே தேர்ந்து கூறுவர். மூன்று கம்பி உள்ள சென்சார்களில் இம்முறையைக் கையாளலாகாது.

வெளிக்களப் பணியாளர்கள் லாரி உரிமையாளரிடம் வற்புறுத்திக் கூறத்தக்கது ஒன்று உண்டு. எஞ்ஜின் மாற்றிய லாரி ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை இருத்தல் வேண்டும். எஞ்ஜினின் எண், அது எவ்வகை வண்டியிலிருந்து வந்தது, கட்டுப்பாட்டுப் பெட்டியின் எண், எந்தக் கம்பிகள் எங்கே ஒட்டப்பட்டன, இன்னும் தீராது நிற்கும் குறிகள் எவை, அவற்றின் காரணம் யாது என்பனவற்றை அதில் எழுதி ஓட்டுநர் இருக்கையின் அருகே வைக்கவேண்டும். காட்கோபரில் எஞ்ஜின் மாற்றிய மிஸ்திரி, வண்டி நாசிக்கிலோ நாமக்கல்லிலோ நின்றுபோகும்பொழுது உடனிருக்கப் போவதில்லை. அங்கு ஸ்கேனரோடு வரும் மெக்கானிக், அட்டையில் உள்ள குறிகளைக் கழித்துவிட்டுப் புதிதாகத் தோன்றிய ஒன்றை மட்டும் தேடுவார். அவ்வொன்றே அன்று அந்த லாரி சொல்ல வந்த செய்தி.